மரகதம் தைத்த லைஃப் ஜாக்கெட்டுகள்

"அத்தை தவறிப் பூட்டாங்க டீச்சரம்மா" என்று மரகதத்தின் மருமகள் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னாள். முகத்துவாரக்குப்பத்து மரகதம் பல ஆண்டுகளாக ராயபுரத்தில் என் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவர். படகு விபத்து விசாரணையில் சாட்சி சொன்னவர் என்றால் உங்களில் பலருக்கு நினைவு வரும்.

நான் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவதில்லை. "இன்னா டீச்சரம்மா, பரீச்ச பேப்பரா திருத்துறீங்க?" என்பார். ஆனால் ஐஸில் கிடந்த மீன் என்றால் கூடையை இறக்கவே மாட்டார். "இது உங்க வூட்டுக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்.

அவருடைய தம்பி கதிரேசன் முகத்துவாரத்தின் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு ஓட்டினான். ஆடித் திருவிழா அன்று, ஏறிய யாரையும் இறங்கச் சொல்வது அபசகுனம் என்பது அங்கே வழக்கம். அந்த வருடம் படகு கொள்ளாத கூட்டம் ஏறியும் யாரையும் இறக்கவில்லை. பாதி வழியில் படகு கவிழ்ந்தது. இறந்தவர்களில் மரகதத்தின் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. அவள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தாள். கரையில் அதை அறுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து நனைந்த புடவைத் துணி வந்தது. அது மரகதத்தின் பழைய புடவை.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் என் வீட்டில் இருந்தபோது கதிரேசன் தேடிக்கொண்டு வந்தான். "அலை மேல பழியப் போட்டுடுக்கா. அலைய இன்னா, ஜெயில்லயா போடப்போறாங்க?" என்றான்.

மரகதம் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு ஜாக்கெட்டு போட்டுகினுதான்டா முழுகிச்சு" என்றார்.

விசாரணை அறைக்கு நானும் துணைக்குப் போனேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி சொல்லியிருந்தேன். பயணிகள் யாரும் ஜாக்கெட் அணியவில்லையாமே என்று அதிகாரி கேட்டார்.

"போட்டுகினுதான் இருந்தாங்க சார். உள்ள ஃபோம் இல்ல. அத அறுத்து குப்பத்துல எல்லாரும் வலைக்கு மிதப்பா கட்டிக்கினோம். எங்க வூட்டு வலையிலயும் கீது. செக்கிங் வருதுன்னு தம்பி சொன்னான். பொடவையக் கிழிச்சி உள்ள வச்சி தச்சது நான்தான்."

சோதனைக்கு வந்தவர்கள் ஜாக்கெட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். ஒன்றைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. இதையும் அவர்தான் சொன்னார், அதுவும் யாரும் கேட்காமல்.

கதிரேசன் சிறைக்குப் போனான். மீன் விற்கக் காசிமேட்டுப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் குப்பத்துப் பெண்கள் மரகதத்துக்கு இடம் விடவில்லை. ஈரக் கூடையைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். திருவொற்றியூர் வரை தலைச்சுமையாக நடந்து, அங்கே வேறு ஆட்டோ பிடிப்பார். என்னிடம் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. "அவங்களுக்குக் கோவம் இருக்காதா?" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். சிறையிலிருந்து வந்த தம்பியும் அவரோடு பேசவில்லை.

சாவுக்குப் போயிருந்தேன். கதிரேசன் தெருமுனையிலேயே நின்றான். நான் கிளம்பும்போது கிட்டே வந்து, "அக்கா என்னப் பத்தி எதுனா சொல்லிச்சா டீச்சரம்மா?" என்று கேட்டான்.

மன்னித்துவிட்டதாகச் சொன்னார், உன்னைத் தேடினார் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டிருந்தவனுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். வாய் வரவில்லை.

"இல்லை, கதிரேசா. ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு, அக்காவைத் தூக்க உள்ளே போனான்.

ஆறுதல் பேச்சில்கூட, கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவதற்காக எதையாவது உள்ளே வைத்துத் தைக்க இனி என்னால் முடியாது. மரகதம் எனக்கு விட்டுப்போனது அதுதான்.