பாஸ்வேர்டு கேட்காத பெட்டி

நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கதை கட்ட எனக்குத் தெரியாது, நடந்ததைத்தான் எழுதுகிறேன். இருட்டில் நடந்ததுகூட இல்லை. நன்றாக விடிந்த பிறகு, ஊரே 'கோவிந்தா' என்று முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

2006, வைகாசி கருட சேவை. சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூல் முறுக்கும் ஆலை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பெயர் நதியா. என் வீட்டுக்காரர் ராமராஜன் அங்கேயே எலக்ட்ரீசியன். இருவருமே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அன்று ஆலைக்கு விடுமுறை. அதனால் மெயின் போர்டில் கரிந்துபோன கேபிளை மாற்றச் சொல்லிவிட்டு, முதலாளி பஞ்சாட்சரம் சாமி பார்க்கப் போய்விட்டார்.

கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க அந்த போர்டில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். மாடி ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டால் திரையில் அதன் உள்பக்கம் திறக்கும். அங்கிருந்தே மெயினை ஆஃப் செய்யலாம், ஆன் செய்யலாம். மெயின் போனாலும் பெட்டியும் கம்ப்யூட்டரும் பேட்டரியில் ஓடும். பாஸ்வேர்டு முதலாளிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"யோவ், ஃபியூஸ் கட்டைய பிடுங்கிட்டு கைய வெய்யி," என்றேன்.

"அது இறுகிப்போய்க் கெடக்குதும்மா. நீ ஆஃப் பண்ணிட்டுக் காவல் இரு, போதும். என் உசுரு உன் கையிலதான இருக்குது," என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

6:10. ஆஃப் செய்தேன். கீழே கூடத்து விளக்கு அணைந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பக்கத்தை மூடினேன். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் மறுபடி வந்து நின்றது.

6:22. கட்டம் காணாமல் போனது.

உள்பக்கம் தானாகத் திறந்தது. நான் எதையும் தொடவில்லை. என் கையில் டீ டம்ளர் இருந்தது.

சிவப்பில் இருந்த 'ஆஃப்'... பச்சையில் 'ஆன்' ஆனது.

ஐயோ! டம்ளரைப் போட்டுவிட்டு ஆஃப் அழுத்தினேன். சிவப்பு. மூச்சு விடுவதற்குள் பச்சை.

செல்லில் அவரைக் கூப்பிட்டேன். மணி என் பக்கத்திலேயே அடித்தது. மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார், பாவி மனுஷன்.

கத்தினேன். வெளியே மேளமும் வேட்டும். யாருக்குக் கேட்கும்? நான் எழுந்து ஓடினால் மெயின் ஆனிலேயே நின்றுவிடும். உட்கார்ந்திருந்தால் அவரிடம் சொல்ல ஆளில்லை.

க்ளிக். சிவப்பு.

பச்சை.

க்ளிக்...

பச்சை...

அப்போதுதான் கவனித்தேன். பச்சை வந்தும் கூடத்து விளக்கு எரியவில்லை.

ஓடினேன்.

ராமராஜன் இரண்டு கையையும் போர்டுக்குள் விட்டபடி நின்றிருந்தார். உயிரோடு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு இப்படி ஓடியாற?"

"ஃபியூஸ பிடுங்கினியா?"

"நான் இல்ல. நீ அனுப்புன பெரியவருதான். மூணு கட்டையும் பிடுங்கிப் பையில போட்டுக்கினு, 'வேலைய பாரு'ன்னுட்டுப் போனாரு."

"நான் யாரையும் அனுப்பலையே..."

"காக்கிச் சட்டை... காதுல டெஸ்டர் சொருகிக்கினு..."

கேட்டை உள்பக்கம் பூட்டியது நான்தான். சாவி என் இடுப்பில் இருந்தது.

முதலாளி வந்ததும் சொன்னோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அது கலியன்பா. உனக்கு முன்னாடி இருந்த எலக்ட்ரீசியன். போன வருஷம் இதே போர்டுலதான் கரண்ட் அடிச்சு..." என்று நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலமே கலியனின் மனைவி அங்கம்மாளைத் தேடிப் போனோம்.

"எந்நாளும் கட்டைய பிடுங்கிப் பையில போட்டுக்கினுதான் கைய வெப்பாரு. அன்னிக்கு மட்டும், கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணியாச்சுன்னு சொன்னாங்கன்னு நம்பிட்டாரும்மா," என்றபடி டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய காக்கிச் சட்டையை எடுத்தார். எடுத்த கை தாழ்ந்தது. சட்டை கனத்தது.

பைக்குள் மூன்று ஃபியூஸ் கட்டைகள். எங்கள் ஆலையின் பெயிண்ட் குறியோடு.

மறுவாரம் பெட்டியைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஹர்ஷவர்தன் என்ற இன்ஜினியர் வந்தார். "இதுல ஒரு ஓட்டை இருக்குது மேடம். உள்பக்கத்தோட அட்ரஸை நேரா டைப் அடிச்சா பாஸ்வேர்டே கேக்காது. எவனோ நெட் வழியா நுழைஞ்சு ஆன் பண்ணியிருக்கான்," என்றார். சே, மனுஷன் வேலைதானா என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்குத் தண்ணிப் பந்தலுக்குக் கம்பு நட்டப்ப, விடிகாலையிலயே நம்ம டெலிபோன் கேபிள் அறுந்துபோச்சேப்பா. ராத்திரிதான ஒட்டுனாங்க..."

அந்தக் கேபிள் வழியாகத்தான் எங்களுக்கு நெட் வரும். ஆக, நெட்டே இல்லை. அன்று அந்தப் பெட்டியோடு சேர்ந்திருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். என்னுடையது.

பெட்டியை அந்த வாரமே கழற்றிவிட்டார்கள். குப்பையில் போடுவார் என்று பார்த்தால், வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்கு விற்றுவிட்டார் முதலாளி.

ஒரு மாதம் கழித்து அங்கம்மாள் ஆலை வாசலில் வந்து நின்றார்.

"சட்டை மறுபடியும் கனத்துச்சும்மா..."

கையை விரித்தார். மூன்று ஃபியூஸ் கட்டைகள். எங்களுடையவை இல்லை.

மேலெல்லாம் தவிடு.