களிப்பாறையோடு நிறுத்தச் சொன்னவர்

தன் கிணற்றைக் கெடுத்தது கிணறு வெட்டுகிற சந்தனம்தான் என்று ரத்தினவேல் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்களுக்குச் சலித்துவிட்டது. சொல்கிறவருக்கும் சலிப்புத்தான், ஆனாலும் விடவில்லை.

சந்தனம் விராலிமலைப் பக்கத்து ஆள். கருங்கல்லில் வெடி வைத்துக் கிணறு வெட்டிப் பழகிய கை. கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே பெண் கட்டி வந்த பிறகுதான் இந்தப் பக்கத்துப் பூமி வேறு என்று தெரிந்துகொண்டார். வெட்டி எடுத்ததைக் கலக்க மாட்டார். செம்புராங்கல் ஒரு குவியல், மணற்பாறை ஒரு குவியல், கூழாங்கல் ஒட்டி இறுகிய பாறை ஒரு குவியல் என்று வந்த வரிசையிலேயே கரையில் கிடக்கும். புதுத் தினுசாகக் கல் வந்தால் ஒரு கட்டியைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் சோற்றுக்கு உட்காருவார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ரத்தினவேல் கிணற்றில் ஏழு ஆள் ஆழத்தில் ஏடேடாக உரியும் களிப்பாறை வந்தது. கணுக்கால் அளவுதான் ஊற்று. சந்தனம் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். போட்ட கட்டி கூழாகிக் கிடந்தது.

“இதோட போதும்ணே. மேல உள்ள பாறையெல்லாம் இதும்மேலதான் உக்காந்திருக்கு. இதத் தோண்டுனா நனஞ்சு வழுக்கிரும்.”

“கடப்பாரை தெறிக்குது, ஒனக்குக் கூழா? கை வலிச்சாச் சொல்லு, வேற ஆளப் பாக்குறேன்.”

“பாருங்க,” என்று சந்தனம் ஏறிப் போய்விட்டார்.

வேறு ஆள் வந்து இன்னும் ஓர் ஆள் ஆழம் வெட்டினான். ஐப்பசி மழையில் கிணறு மொத்தமும் உள்ளே சரிந்தது. யாரும் உள்ளே இல்லை, அதுவரைக்கும் புண்ணியம். சந்தனம் முதலிலேயே கிணற்று வாயைக் குறுக்கி எடுத்ததுதான் காரணம் என்று ரத்தினவேல் ஊருக்குச் சொன்னார். அதன்பின் சந்தனத்தை இங்கிட்டு யாரும் கூப்பிடுவது குறைந்தது. மாதக்கணக்கில் அரிமளம் பக்கம் போய்த் தங்கி வெட்டினார்.

அறுபத்திரண்டாம் வருஷம் நெஞ்சில் கல்தூசு அடைத்துப் படுத்துவிட்டார். வரச்சொன்னதாக ஆள் வந்தது. ரத்தினவேல் போனார்.

சந்தனத்தின் பெண்டாட்டி செவந்தி வாசலிலேயே, “வாங்க. இந்தக் கூரையும் இவுக தப்பா மேஞ்சதுதான். பாத்துக் குனிஞ்சு வாங்க,” என்றாள்.

சந்தனம் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். பக்கத்து ஊர்க் கண்ணாத்தாள் கொல்லையில் அவர் பாதி வெட்டிய கிணறு. களிப்பாறை வந்துவிட்டது. அவள் தம்பி நாளைக் காலையில் அதை உடைக்க ஆள் இறக்குகிறான். நிறுத்தச் சொல்லி அனுப்பியதற்கு, ‘கிணத்தச் சரிய விட்டவன் பேச்சையா கேக்குறது’ என்று பதில் வந்ததாம்.

“நாலு பேரு எறங்குறாங்கண்ணே.”

“நான் போயி என்னத்தச் சொல்ல?”

“ஒங்க கிணறு எதுனால சரிஞ்சுச்சோ, அதச் சொல்லுங்க. ஆளு எறங்குறதுக்கு முன்னால சொல்லுங்க.”