நீலம் கலக்காத சுவர்

என் நாத்தனாரைப் பெண் பார்க்கக் கருமத்தம்பட்டியிலிருந்து வருகிறார்கள் என்று சேதி வந்ததும், தெருப்பக்கச் சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். கோயமுத்தூரில் எங்கள் தெருவில் சுண்ணாம்புக்கு அளவாய் நீலம் கலக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. சுவரைப் பார்த்தே வீட்டுப் பெண்களின் கையை எடைபோடுவார்கள். நாத்தனாருக்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில், மில்லுக்கு மிஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரரின் சம்சாரம், எதிர்ச்சாரியில் முக்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் தெருவைப் படம் எழுதிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்த என் வீட்டுக்காரர் முகம் சுண்டித் திரும்பினார்.

"ஏம்புள்ள, நீலத்தை அள்ளிக் கொட்டிப்போட்டயா? படத்துல நம்மூட்டுச் செவுரு பாதி கத்திரிப்பூவாட்ட இருக்குது."

வெள்ளைக்காரிக்கே தெரிந்தது, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாதாக்கும் என்று மாமியார் இடித்தார். நான் போய்ப் பார்த்தேன். கிட்டத்தில் வெறும் வண்ண அப்பல்தான். மஞ்சளை அரைத்து அப்பியதுபோல் ஓரிடம், பக்கத்திலேயே ஊதாத் திட்டு, பச்சைக் கீற்று. நாலடி பின்னால் வந்தேன். தெரு வந்துவிட்டது. வண்டி, மாடு, குடம் சுமந்து போகிறவள், எல்லாம் வெயிலில் தகதகத்தன. எங்கள் சுவர் மட்டும் தாழ்வாரத்துக்குக் கீழே நீலமாக நின்றது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. சுண்ணாம்பைக் கரைத்து, ஒரு பொட்டு நீலம்கூடச் சேர்க்காமல் சுவர் முழுக்க மறுபடி அடித்தேன். வெள்ளைக்காரி தூரிகையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் காய்ந்து வெளுத்ததும் தெருவில் இறங்கிப் பார்த்தேன். தாழ்வார நிழல் விழுந்த இடத்தில் அதே நீலம். என் கை கலக்காத நீலம். வண்டிக்கு அடியில் பார்த்தேன், அங்கேயும் ஊதா. வெயில் பட்ட இடம் வெள்ளையே இல்லை, உருக்கிய நெய் நிறம். இத்தனை வருசம் கருப்பு என்று நான் நினைத்திருந்த நிழலில் எங்கேயும் கருப்பைக் காணோம். யார் பூசியது இதையெல்லாம் என்று உடம்பு சிலிர்த்தது.

பின்னால் மாட்டுவண்டி வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களை 'வாங்க' என்று கூப்பிடாமல் நிற்பதைவிட எங்கள் பக்கத்தில் அவமரியாதை வேறில்லை. வாசலில் நின்று மாமியார் கையாட்டியதையும் நான் பார்க்கவில்லை.

"ஏனுங்கம்மணி, ஆளு வந்தது தெரியாம அந்தச் செவுத்துல என்னத்தைப் பாக்கறீங்க?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"நெழலுங்க. நீலமா இருக்குதுங்க."

அந்தம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு தன் கையை வெயிலில் நீட்டி, சுவரில் அதன் நிழலை விழவிட்டு, விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"பொண்ணை இங்கயே வரச் சொல்லுங்க," என்றார் கடைசியில். "இந்த வெளிச்சத்துலயே பாத்துக்கறனுங்க."

நாத்தனார் தலை குனிந்து வந்து சுவரோரம் நின்றாள். அவள் கன்னத்தில் ஒரு பக்கம் பொன், மறுபக்கம் நீலம். அந்தம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.