கெட்டிமேளத்துக்குள் ஒரு சீவாளி

சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் நம்பப்போகாத ஒரு கதையை இங்கே எழுதப்போகிறேன். நான் வாயைத் திறந்தாலே பாதியைத் தள்ளுபடி செய்துவிடும் பதுளைச் சனங்களே, வேலாயுதம் அண்ணனைத் தெரிந்த நீங்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

நாதஸ்வரக்காரர் வேலாயுதம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று, அப்புத்தளையில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. ஆயுள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து தவில் அடித்தவன் நான். போனை வைத்ததும் மலையெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் ஊதினால் நமுனுகுல மலை நாலு அங்குலம் நகரும். கொழும்பு ரயில் மரியாதைக்கு நின்று போகும். அப்பேர்ப்பட்டவரை ஆட்டிவைத்தது இந்தப் பனிதான். நாதஸ்வரத்தின் வாயில் செருகும் நாணல் துண்டான சீவாளி, ஈரம் பட்டால் குழைந்துபோகும். விரலால் அமுக்குவார், ஊசியால் அதன் வாயை நெகிழ்த்துவார், கன்னத்துக்குள் அடக்கிச் சூடேற்றுவார்.

"ஒன் தவுலு பனிய வெரட்டுது, என் சீவாளி பனியக் குடிக்குது. எது யோக்கியம், சொல்லுடா?"

நெஞ்சில் நோய் வந்ததும் டொக்டர், ஊதவே கூடாது என்றுவிட்டார். மகள் தேவிக்குப் பூனாகலையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஊதுனேன். என் புள்ளைக்கு எவனோ ஊதணுமா?" என்றார்.

பழைய சீவாளியில் வெறும் காற்றுதான் வந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, குறைந்த மூச்சுக்கும் பேசும்படி சீவாளிகளைப் பிளேடால் சுரண்டினார். ஒன்று பிளந்தது. ஒன்று ஆட்டுக்குட்டிபோலக் கத்தியது.

"அண்ணே, தோட்டத்து ஆடெல்லாம் பதில் சொல்லுது."

சிரிக்கத் தொடங்கியவர் இருமலில் முடித்தார். மிஞ்சிய கடைசிச் சீவாளி மெல்லிய சுரம் ஒன்றைத் தந்தது. மூச்சு சற்றுத் தளர்ந்தாலும் பிசிறும்.

"தாலி ஏறுறப்ப நீ வெளுத்துக் கட்டுடா. பிசிறுனா புள்ள காதுல விழக் கூடாது."

கோயில் மணவறையில் மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தவர், நேரே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணக் குடுத்த அப்பன் மேளத்துக்கு வந்து ஒக்காரலாமா?" என்று சம்பந்தி சத்தம் போட்டார்.

"குடுத்தாச்சில்ல சம்பந்தி? இனி அங்க எனக்கென்ன வேல?"

கெட்டிமேளம் என்றதும் நான் அடித்த அடியில் கோயில் கூரைத் தகரம் பறந்து அப்புத்தளையில் விழுந்தது. நாதஸ்வரம் யாருக்கும் கேட்கவில்லை.

இழவு வீட்டில் தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெய்யாச் சொல்லுங்க சித்தப்பா. அன்னைக்கி அப்பா ஊதுனாரா, சும்மா வாயில வச்சிக்கிட்டு இருந்தாரா?"

"ஊதுனாரும்மா."

என் முகத்தையே பார்த்தாள். "நீங்க எப்பவும் இப்பிடித்தான்," என்று அழுதாள்.

தேவி, மற்றதெல்லாம் என் புளுகாகவே இருக்கட்டும். இந்தச் சின்னத் துண்டு மட்டும் மெய். உன் அப்பா ஊதினார். மூன்றாவது முடிச்சு விழும்வரை ஒரு பிசிறுகூட இல்லை. என் தவிலுக்குள் ஒளிந்திருந்த அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பதும் அது ஒன்றுதான்.