பெரியம்மாவின் இரண்டாவது பிரேக்

என் பெரியம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக் அக்கா'. பயிற்சிக் காரில் ஓட்டுபவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஓட்டுபவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டால் காரை நிறுத்த வேண்டியது பெரியம்மாவின் வலது கால்தான். அந்தக் காலை நம்பி ஊரில் பாதிப் பேர் கார் ஓட்டினார்கள். மீதிப் பேர் தெருவில் நடந்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை, கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனாலும் வளைவு வந்தால் பெரியம்மாவின் கால் முன்சீட்டை உதைத்துவிடும்.

"ஏம்மா, என்னை எதுக்கு உதைக்கிறீங்க?" என்று ஒருவர் திரும்பிக் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க. டிரைவர் லேட்டா பிடிக்கிறாரு."

தினமும் வண்டியைக் கிளப்பும் முன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். "சாமி, இந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல நான் உக்காந்திருக்கேன். எனக்குப் பக்கத்துல நீ உக்காந்துக்கோ. உன் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, மறந்துடாத."

ஒரு மத்தியானம் அவருடைய வலது பக்கம் முழுவதும் செத்துப்போனதுபோல் ஆனது. பக்கவாதம். "கார ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் சாஞ்சேன்" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார். கை சீக்கிரம் தேறியது. கால் தேறவில்லை.

"கால் திரும்ப வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

இரண்டாவதைக் கேட்டு பெரியப்பா அழுதார். பெரியம்மா அவரை அதட்டினார். "'வரலாம்'னுதானே முதல்ல சொன்னாரு? அதைப் பிடிச்சுக்குங்க."

பயிற்சிப் பள்ளி முதலாளி ஆப்பிளோடு வந்தார். "அக்கா, உங்க சீட் உங்களுக்குத்தான். ஆனா பிரேக் மிதிக்க முடியாம உங்கள உக்கார வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

"எனக்கும் இல்ல" என்றார் பெரியம்மா.

இடது காலால் மிதித்துப் பார்க்கலாமே என்று நாங்கள் கேட்டோம். அந்தக் காலுக்குக் கிளச் மட்டுமே தெரியும், பிரேக்கில் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் கண்ணாடி வழியாக வெளியே போய்விடுவார்கள் என்றார்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். "அம்மா, பாதத்தை அழுத்துங்க" என்பாள். பெரியம்மா தன் கட்டைவிரலைப் பார்த்து, மாணவரிடம் பேசுவதுபோலவே பேசுவார். "பயப்படாத கண்ணு. அவசரமில்ல. பின்னாடி ஹாரன் அடிக்கிறவனைக் கண்டுக்காத."

விரல் கேட்கவில்லை.

"உன்கிட்ட படிச்சதுலயே இதுதான் ரொம்ப மந்தம்" என்றார் பெரியப்பா.

பெரியப்பா துணிக்கடையில் வேலை பார்ப்பவர். கார் ஓட்டத் தெரியாது. வீட்டில் கேட்பது போதும், காரிலும் மனைவியிடம் பாடம் கேட்க முடியாது என்று கற்றுக்கொள்ளவே இல்லை. அவர்தான் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியைத் தள்ளினார். ஒருநாள் யாரையோ வேடிக்கை பார்த்துக்கொண்டே தள்ள, வளைவில் சாப்பாட்டு வண்டி எதிரே வந்துவிட்டது. "பிரேக்!" என்று பெரியம்மா அலறினார். சாப்பாட்டு வண்டிக்காரர் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார்.

பெரியம்மாவின் வலது பாதம் நாற்காலியின் கால் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

"மிதிச்சுட்ட! நீ மிதிச்சுட்ட!" என்று பெரியப்பா நடைகூடத்திலேயே கத்தினார்.

"லேட்டாத்தான் மிதிச்சேன். ஆனா மிதிச்சேன்."

அன்றிலிருந்து பெரியப்பா சுவரைக் கண்டால் நாற்காலியோடு பாய்வார். "ஐயா, இது ஆஸ்பத்திரியா, பந்தய மைதானமா?" என்று நர்ஸ் திட்டினார். பயிற்சிப் பெண்ணும் முதலில் திட்டினாள். பிறகு அவளே சுவரில் ஒரு தலையணையைக் கட்டி, தன் கண் முன்னால் மெதுவாகத் தள்ளச் சொன்னாள். கால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. பெரியம்மா கோல் ஊன்றி நடந்து வீட்டுக்கு வந்தார்.

வந்த வாரமே குளியலறையில் வழுக்கி விழுந்தார். எந்தக் காலுக்காக எல்லோரும் வேண்டினோமோ, அதே காலின் கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து மாவுக்கட்டு. மறுநாள் காலை பெரியம்மா சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் இல்லை. பெரியப்பா சமையலறையில் தேவையில்லாமல் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம்தான் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"சாமி, உன்மேல கோவமா இருக்கேன். நேத்து நீ மிதிக்க மறந்துட்ட. சரி, நானும் ஒரு தடவை ஒரு பையனைத் தபால் பெட்டி மேல ஏத்த விட்டிருக்கேன். நாளைக்கு ஒழுங்கா வந்து உக்காரு."

கட்டுப் பிரித்த பின் தலையணை மறுபடி சுவருக்கு வந்தது. பல மாதம் கழித்து முதலாளி சோதனைக்குச் சம்மதித்தார். பள்ளிக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் ஒரு தகர டிரம்மை நிறுத்தினார்கள். ஓட்டுபவர் பிரேக்கைத் தொடாமல் டிரம்மை நோக்கி மெதுவாகப் போக வேண்டும். பெரியம்மா நிறுத்த வேண்டும். எந்த மாணவரும் முன்வரவில்லை.

"என்னங்க, நீங்க ஓட்டுங்க" என்றார் பெரியம்மா.

"நானா? எனக்கு ஓட்டவே தெரியாதேம்மா!"

"சோதனைக்கு அதுதான் வேணும்."

முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்தார். கார் குதித்துக் குதித்துக் கிளம்பியது. டிரம் நெருங்கியது. ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது.

"அருமை! நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க அக்கா!" முதலாளி கைதட்டினார்.

பெரியப்பா ஜன்னல் வழியாக ஆகாயத்தைப் பார்த்தார். பெரியம்மா குனிந்து பார்த்தார். பெரியப்பாவின் இரண்டு கால்களும் பிரேக்கின் மேல் இருந்தன.

"என்னங்க இது?"

"சும்மா வெச்சிருந்தேன்."

"முதலாளி, நிறுத்தினது இவரு. என் கால் போய்ச் சேர்றப்ப பிரேக் ஏற்கெனவே கீழ போயிருந்துச்சு."

"நான் பாக்கவே இல்லையே அக்கா" என்றார் முதலாளி, ஏமாற்றத்தோடு.

"நாளைக்கு வர்ற பிள்ளை கண்ணை மூடிக்கும். அப்ப இவரா வந்து மிதிப்பாரு? இன்னொரு தடவை போவோம்."

பெரியப்பா இந்த முறை செருப்பைக் கழற்றி, காலை இருக்கையின் மேலேயே தூக்கி வைத்துக்கொண்டார். பெரியம்மா தன் பக்கத்துக் கிளச்சை மெதுவாக விட, கார் தானாக ஊர்ந்தது. பெரியம்மா மிதித்தார். கார் நின்றது. ஆனால் அதற்குள் டிரம் சாய்ந்து மைதானம் முழுக்க உருண்டு ஓடியது.

"இது நான் மிதிச்சது!" என்று பெரியம்மா கூவினார். அவர் முகத்தைப் பார்த்தால் டிரம்மைக் கவிழ்க்கத்தான் வந்தவர்போல் இருந்தது.

முதலாளி இறங்கி, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம் அக்கா" என்றார். அதுவரை சாலைக் குறியீட்டு வகுப்பை எடுக்கச் சொன்னார்.

இப்போது பெரியம்மா காலையில் வகுப்பு எடுக்கிறார். சாயங்காலம் பள்ளியின் பழைய காரில் பெரியப்பாவை டிரம்மை நோக்கி ஓட்டச் சொல்கிறார். கிளம்பும் முன் அதே வேண்டுதல்தான், கடைசியில் மட்டும் "இவரு காலையும் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று சேர்த்துக்கொள்கிறார். டிரம்மில் நிறைய நசுங்கல்கள் விழுந்துவிட்டன. நேற்று நான் போய்ப் பார்த்தேன். புதிதாக விழுபவை சின்னதாகிக்கொண்டே வருகின்றன.