பத்திரிகையில் இல்லாத வீட்டுக்காரி

"இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். கேட்டவர் மேல் இல்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த அக்கா மேல். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஒரே காம்பவுண்டுக்குள் ஏழு வீடு. முன்வீட்டில் அக்கா, பின்னால் வரிசையாக நாங்கள். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, பெண்கள் எல்லாரும் அக்கா வீட்டு ஹாலில் கூடுவோம். யார் என்ன படித்தார்கள் என்பதுதான் பேச்சு. ஒருத்தி கன்னட மாத நாவல் படிப்பாள். இன்னொருத்தி மாமனாரின் இங்கிலீஷ் பேப்பரில் ராசிபலனை மட்டும் படித்துவிட்டு உலக விஷயமெல்லாம் பேசுவாள். அக்காவுக்குத் தமிழ் வாரப் பத்திரிகையின் தொடர்கதை. மூன்று மருமகள்கள் உள்ள ஒரு வீட்டுக் கதை. காம்பவுண்டுக்கே அந்த ஒரு பத்திரிகைதான். அவள் சொல்லித்தான் மற்றவர்களுக்குக் கதை தெரியும். "அக்கா எப்படிப் படிக்கிறாங்க பாரு" என்று எல்லாரும் வாய் பிளப்பார்கள்.

அவள் எங்கே படித்தாள்? வியாழக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு நோவுது, நீ படி, நான் கேக்கறேன்" என்பாள். வாரா வாரம் வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் நோகிற கண். ஒரு நாள், "போன வாரம் இங்கதானே நிறுத்தினோம்" என்று ஒரு பத்தியில் விரல் வைத்தாள். அது மூலத்துக்கு மருந்து விளம்பரம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, பாவம். விளம்பரத்தைத் தாண்டி, கதை இருந்த பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்.

படிக்கும்போது மனசில் பட்டதைச் சொல்வேன். "மூத்த மருமக அழறது புருஷனுக்காக இல்லக்கா. இனிமே அழறதுக்குக்கூட ஒரு காரணம் இருக்காதேன்னு அழறா" என்று ஒருமுறை சொன்னேன். சொன்னதும் எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் ஹாலில் அதே வாக்கியத்தை, ஒரு எழுத்து பிசகாமல், அக்கா தன்னுடையதாகச் சொன்னாள். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் சும்மா இருக்க மாட்டாமல், "அது மட்டும் இல்லக்கா, அந்த மாமியாரும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏய், சும்னிரு, வாயை மூடு. கிழிஞ்ச ஜாக்கெட்டு தைக்கிறவ, உனக்குக் கதையைப் பத்தி என்னாடி தெரியும்? எல்லாருக்கும் காபி கொண்டா, போ."

எல்லாரும் சிரித்தார்கள். நான் காபி கொண்டுவந்தேன். டம்ளர்களை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்: ஒரு கதையைப் படித்தால் எனக்கென்று நாலு வார்த்தை தோன்றும். அதையும் என் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு, எனக்கே ஒன்றும் தெரியாது என்றும் சொல்லிவிட்டாள். இருடி, உனக்கு வைக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை பத்திரிகையைப் பிரித்தேன். விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். மூன்று மருமகள்கள் இருக்கும் தெருவுக்கு ஒரு வீட்டுக்காரியைக் கொண்டுவந்தேன். அவள் வீட்டில் குடியிருக்கும் ஏழைப் பெண் எம்பிராய்டரி போடுகிறவள். வீட்டுக்காரி அந்தப் புடவைகளை உடுத்திக்கொண்டு, "நானே போட்டது" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். அந்தப் பெண் எதிரே வந்தால் விரட்டுகிறாள்.

"தூ! இப்படியும் ஒரு பொம்பளையா?" என்றாள் அக்கா.

"இருக்காங்கக்கா."

"அவ நாக்கு அழுகிப் போகும் பாரு. நல்ல சாவே வராது அவளுக்கு."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷம். நாலு வாரம் அந்தக் கதையை வளர்த்தேன். ராத்திரி சமையல் செய்யும்போதே அடுத்த வாரத்துக்கு யோசித்து வைப்பேன். அந்தப் பெண்ணுக்காக அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டுக்காரியைத் திட்டத் திட்ட, மற்றவர்களும் சேர்ந்து திட்டினார்கள். தன்னைத்தானே சபித்துக்கொள்ள ஒருத்தி கூட்டம் கூட்டுவதை நான் காபி ஆற்றிக்கொண்டே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் சேலத்திலிருந்து அவளுடைய சம்பந்தியம்மா வருவதாக இருந்தது. மகளை அங்கே கட்டிக் கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "அவங்களும் இதே தொடர்கதைதான் படிக்கிறாங்களாம். நான் சக்கத்தா, அசந்துபோற மாதிரி பேசணும். நல்லா சொல்லிக் குடு" என்றாள் அக்கா. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாகவே சொல்லிக் கொடுத்தேன்.

சம்பந்தியம்மா வந்த வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்து வீட்டுக்காரியைக் கிழிகிழி என்று கிழித்தாள். சம்பந்தியம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எந்த வீட்டுக்காரிங்க? அப்படி யாரும் அந்தக் கதையில இல்லீங்களே."

"இருக்காங்க. நாலு வாரமா வருதே."

"நான் ஒரு வாரம் விடறதில்லீங்க, சம்பந்தியம்மா. இந்த வாரம் மூணாவது மருமகளுக்கு வளைகாப்பு, அவ்வளவுதான். எங்க, புத்தகத்தைக் காட்டுங்க பார்ப்போம்."

பத்திரிகை டீப்பாய் மேலேயே இருந்தது. அக்கா எடுத்தாள். பக்கம் புரட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். என் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டுமானால் தனக்குப் படிக்கத் தெரியாது என்று சம்பந்தி முன்னால் சொல்லியாக வேண்டும். சொல்லட்டுமே என்று நானும் அவளையே பார்த்தேன்.

"கண்ணாடி எங்கியோ வெச்சிட்டேன்" என்றாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது. காம்பவுண்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

"குடுங்கக்கா, நான் படிக்கிறேன்" என்று கையிலிருந்து வாங்கி, வளைகாப்பை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சத்தமாகப் படித்தேன். கன்னட நாவல்காரி முதலில் அக்காவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா காபியைக் குடித்துவிட்டு, பேச்சை மாப்பிள்ளையின் வேலைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் பழையபடி கூப்பிட்டாள். பத்திரிகை டீப்பாய் மேல் பிரிக்காமல் கிடந்தது.

"அந்த வீட்டுக்காரி நான்தானே?" என்றாள்.

"ஆமாங்கக்கா."

நான் நினைத்ததுபோல அவள் கத்தவில்லை. பத்திரிகையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "கடைசியில அவளுக்கு என்ன ஆவுது?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. நிஜமாகவே கேட்டாள். நான் சொல்லும் கதையின் முடிவு தெரியாமல் ஒருத்தி தவித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தாளும் பேனாவும் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். டீப்பாய் மேல் வைத்து, அவசரப்படாமல் அரைப் பக்கம் எழுதினேன். என் பேனா போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. எழுதி முடித்து, நாலாக மடித்து அவள் கையில் வைத்தேன்.

"முடிவு இதுல இருக்குக்கா. நீங்களே படிச்சுக்குங்க."

அதை அவள் படிக்க முடியாது. தன் கதை என்பதால் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் முடியாது. நாங்கள் விவேக் நகருக்கு வீடு மாற்றிக்கொண்டு போகிறவரை ஒன்றரை வருஷம் அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தாளில் அவளுக்குக் கெடுதலாக நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அது அவளுக்குக் கடைசிவரை தெரியக்கூடாது.