யானைத் தோலும் ஒரு லிட்டர் தண்ணீரும்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மட்டாஞ்சேரியில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. இடப்பள்ளியில் ஒரு சின்னக் கம்பெனி. மின்சார வண்டிகளின் பேட்டரி சூடேறாமல் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். கார் என்றால் குழாய் விட்டு, பம்பு வைத்து, திரவத்தை ஓடவிட்டுக் குளிர வைக்கலாம். ஆட்டோவுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால் மரமும் மிருகமும் வெயிலை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்து, அந்த வித்தையைக் காப்பியடிக்கிறோம். இலை நரம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கறையான் புற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என்று எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு பைத்தியம். என் பைத்தியம் யானை. 'பேட்டரிக்கு விசிறி விடற பணி' என்று அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அதைவிடத் தெளிவாக நானும் யாருக்கும் சொன்னதில்லை.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரிவாசிகள். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அண்ணன் ஒரு மிளகு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தான். அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு மின்சார ஆட்டோ எடுத்தான். வாரத்தில் மூன்று நாள், பகல் ஒரு மணிக்கு, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு டயாலிசிஸ். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற உடம்பா அது? மற்ற நாட்களில் பள்ளுருத்திப் பக்கம் சவாரி ஓட்டுவான். ஆனால் அந்த ஒரு மணிக்காகத்தான் அந்த வண்டி.

சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீர்தான் விஷம். அண்ணிக்கு டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று கோடு போட்டிருந்தார். சாயா, கஞ்சி, மாத்திரை விழுங்குகிற மடக்கு, எல்லாம் அதற்குள் அடக்கம். அண்ணன் தினமும் காலையில் குடத்திலிருந்து ஐந்து டம்ளர் அளந்து ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் ஊற்றி வைப்பான். அதுதான் அன்றைக்கு அவள் பங்கு. சித்திரை வெயிலில் அவள் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் அவள் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டோம். சமையலறைக்குள் போய், சத்தம் வராமல் குடிப்போம்.

வண்டி வாங்கிய முதல் கோடையிலேயே தகராறு. தோப்பும்படி தாண்டிப் பாலத்து ஏற்றத்தில், உச்சி வெயிலில், பேட்டரி கொதித்துவிடும். கொதித்தால் அதுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வண்டி நடந்து போகிறவன் வேகத்துக்கு வந்துவிடும். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்குவான். உள்ளே அண்ணி வீங்கின காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். இதை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னான். என்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கவில்லை. சொன்னான், அவ்வளவுதான்.

யானைக்கு நம்மைப் போல வியர்க்காது. ஆப்பிரிக்க யானையின் தோலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி நுண்ணிய வெடிப்புகள். மேலே பட்ட தண்ணீர் வழிந்து போகாமல் அந்த வெடிப்புகளுக்குள் ஓடிப் பரவும். பிறகு மெல்ல மெல்ல ஆவியாகி, உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நம்மூர் யானைக்கு இந்த வெடிப்பு குறைவு. திருப்பூணித்துறை உற்சவத்தில் அதன் காலடியில் ஈரச் சாக்கு போட்டு, தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது வேடிக்கை.

அந்த வெடிப்புகளைப் போல நுண்ணிய கோடுகள் ஓடும் ஒரு உறையைச் செய்தோம். பேட்டரிப் பெட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டலாம். பம்பு வேண்டாம், விசிறி வேண்டாம். காலையில் தண்ணீர் ஊற்றினால் கோடுகளே அதை இழுத்துப் பரப்பி வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது காற்றுப் பட்டு ஆவியாகும். ஒரு நாள் ஓட்டத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் வந்தது. அப்போது எனக்கு அந்த ஒரு லிட்டரைப் பார்த்து எதுவுமே தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபீஸில் பல வாரம் சோதித்தோம். மூலையில் இருந்த குடிதண்ணீர் கேனைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினோம். ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்து வெயிலில், உண்மையான வண்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. என் அண்ணன் வண்டி இருக்கிறது என்றேன். அவனுக்கு உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். எனக்கும் அது உதவிதான், அதை மறைப்பானேன். முதலாளி என்னைப் பாராட்டியபோது சந்தோஷமாகவே இருந்தது.

பங்குனியில் மாட்டினோம். தினமும் ஒரு லிட்டர் குடிதண்ணீர் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று மலையாளத்தில் அச்சடித்து ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே ஒட்டினேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் தமிழைவிட மலையாளம்தான் சட்டென்று படிக்க வரும். வாயாலும் சொன்னேன். அண்ணி தலையாட்டினாள். காலையில் அண்ணன் பேட்டரியைச் சார்ஜிலிருந்து எடுத்து வண்டியைத் துடைக்கிற நேரத்தில், தண்ணீர் ஊற்றுவது தன் வேலை என்று அவளே எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவளைச் செய்யவிடுகிற வேலைகள் குறைந்துகொண்டே வந்த காலம் அது.

முதல் மாதம் வண்டி பாலத்தில் ஒரு நாள்கூட முனகவில்லை. அண்ணி போன் செய்து, "உன் ஆனை நல்லா ஓடறது" என்றாள். நான் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

மட்டாஞ்சேரித் தண்ணீரைப் பற்றி, அண்ணி வாயில் வருகிற மலையாளத்தில் 'வெள்ளத்தை'ப் பற்றி, இங்கே சொல்ல வேண்டும். சுற்றிலும் காயல், தோண்டினால் ஊறும், ஆனால் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான். குடிக்கிற தண்ணீர் குழாயில் வந்தால் வரும். கோடையில் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் குடிதண்ணீர்க் குடத்தைத் தொடுவதற்கே ஒரு ஒழுங்கு உண்டு. குடிக்கவும் சமைக்கவும் தவிர வேறு எதற்கும் அதில் கை வைக்க மாட்டார்கள். பத்து வயதில் நான் அந்தக் குடத்துத் தண்ணீரில் கால் கழுவினேன் என்று அம்மா கரண்டிக் காம்பால் முழங்காலில் போட்ட அடி இப்போதும் நினைவிருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். இடப்பள்ளி பிளாட்டில் பத்து வருஷம் குழாயைத் திருகிப் பழகியதில் அது மறந்துபோயிற்று. ஒரு வண்டிக்குத் தினமும் ஐந்து டம்ளர் குடிதண்ணீர் ஊற்று என்று அந்த வீட்டுக்கே எழுதி ஒட்டினேன்.

வைகாசி தொடக்கத்தில் ஒரு நாள், பாலத்து நடு ஏற்றத்தில், வண்டி மெதுவாகக்கூட இல்லை, அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் இறங்கித் தள்ளியிருக்கிறான். பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. வேறு ஆட்டோ கிடைத்து, நெரிசலைத் தாண்டி, அண்ணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவள் முறையில் பாதி நேரம் போய்விட்டது. அடுத்த ஆளுக்கு மெஷின் வேண்டும். நாலு மணி நேரம் ஓட வேண்டிய இடத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவளுக்கு மூச்சு முட்டியது. தண்ணீர் நுரையீரலில் ஏறிவிட்டது என்றார்கள். ஐந்து நாள் ஐ.சி.யு.வில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் வந்த அன்றுதான் நான் போய்ப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். வாசலில் வண்டி, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி. உறையைக் கழற்றினதும் தெரிந்துவிட்டது. கோடுகள் முழுக்க வெள்ளை. ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். அது ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கித் தங்கி எல்லாக் கோட்டையும் அடைத்திருந்தது. அடைத்தது போதாதென்று விளிம்பைத் தாண்டி வளர்ந்து, சூட்டை அளக்கிற சென்சாரின் ஒயர் முனையைத் தொட்டு, செம்பு பச்சை பூத்திருந்தது. சூடு எவ்வளவு என்று தெரியாமல் போனதும் பேட்டரி பயந்து தன்னை நிறுத்திக்கொண்டுவிட்டது.

எனக்கு முன்கோபம். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வெள்ளையைப் பார்த்ததும் என்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியவில்லை. எத்தனை தடவை சொன்னேன், எழுதி ஒட்டினேனே, படிக்கத் தெரியாதா, ஒரு டம்ளர் தண்ணீரில் என்ன குடி முழுகிவிடப் போகிறது, உங்கள் உயிரோடு நீங்களே விளையாடினீர்கள் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மணி நேரம் ஆகாதவளைப் பார்த்து.

அண்ணி கோபப்படவில்லை. அந்த உறையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள்: "எனக்கே அளந்து தர்ற வெள்ளம். நாக்கு ஒட்டிண்டு கிடக்கறச்சே, அத ஒரு பெட்டி மேல ஊத்த எனக்குக் கை வரலை."

அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒயர் முனையைச் சுரண்ட ஆரம்பித்தேன். என் வேலை எனக்குத் தெரியும் என்பது போல.

கொண்டுபோயிருந்த மாற்று உறையை மாட்டிவிட்டு, அடைத்துப்போனதை ஆபீஸுக்கு எடுத்து வந்தேன். மறுநாளிலிருந்து அவள் குடத்துத் தண்ணீரையே ஊற்றினாளாம். தன் பாத்திரத்துக்கு அளக்கிற அதே டம்ளரால், ஐந்து டம்ளர், ஒரு சொட்டு சிந்தாமல். அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரியும். வண்டி அதற்கப்புறம் நிற்கவில்லை. அவள்தான் தேறவில்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தாள். ஆடி மழையில், ஆஸ்பத்திரியிலேயே, போய்விட்டாள்.

அந்த ஒரு நாளால் இல்லை, இதயம் முன்பே பலவீனம் என்று டாக்டர் சொன்னார். நான் தனியாகப் போய் இரண்டாம் தடவையும் கேட்டேன். அதையேதான் சொன்னார். நம்ப வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. சில நாள் நம்புகிறேன்.

காரியங்கள் முடிந்து ஆபீஸுக்குப் போனபோது, என் மேஜையில் அந்த உப்பு பூத்த உறை இருந்தது. யானையிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது பாதிதான் என்று அதைப் பார்க்கப் பார்க்கப் புரிந்தது. யானை குளிக்கும். முதுகை மரத்தில் தேய்க்கும். நம்மூரில் பாகன் படுக்க வைத்துத் தேங்காய் மட்டையால் மணிக்கணக்காகத் தேய்ப்பான். எந்தத் தண்ணீரைத் தெளித்தாலும், அதில் வந்த உப்பும் அழுக்கும் அடுத்த குளியலில் போய்விடும். நாங்கள் ஈரத்தைக் காப்பியடித்தோம், குளியலை விட்டுவிட்டோம். வெயிலை அளந்தோம், காற்றை அளந்தோம், அந்தத் தண்ணீர் எந்தக் குடத்திலிருந்து, யார் கையால் வரும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்கு உண்டு.

அடுத்த உறையை நானே வரைந்தேன். உருவி எடுத்து வாரத்துக்கொரு தடவை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவலாம். விளிம்பில் ஒரு வரப்பு, உப்பு ஒயர் பக்கம் ஏறாது. மட்டாஞ்சேரிக் கிணற்றுத் தண்ணீரையே கேனில் பிடித்து ஆபீஸுக்குக் கொண்டுபோய் இரண்டு மாதம் சோதித்தேன். நன்றாகத் தாங்கியது. முதலாளிக்கு ஏகப்பட்ட திருப்தி. யாரோ கைதட்டினார்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது.

அப்படிச் செய்த புது உறைகளில் முதலாவதை அண்ணன் வண்டிக்குத்தான் மாட்டினேன். மாட்டிவிட்டு, இனிமேல் உப்புத் தண்ணீரே போதும், குடத்துத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான். அவனுக்கு இப்போது பகல் ஒரு மணி ஆஸ்பத்திரிச் சவாரி கிடையாது. ஆனாலும் வாரத்தில் அந்த மூன்று நாளும் மத்தியானம் பாலத்தைத் தாண்டி எர்ணாகுளம் வரை போய்த் திரும்புகிறான் என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்கள். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

போன மாதம் ஒரு நாள் காலையில் அங்கே போயிருந்தேன். அண்ணன் சமையலறையில் குடத்தைத் திறந்து, அதே டம்ளரால், அண்ணியின் பாத்திரத்தில் தண்ணீர் அளந்துகொண்டிருந்தான். ஐந்து டம்ளர். மூடி போட்டான். வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்து, சீட்டைத் தூக்கி, பேட்டரி மேல் மெதுவாக ஊற்ற ஆரம்பித்தான்.

"அண்ணா, கிணத்துத் தண்ணியே போதும்னு சொன்னேனே" என்றேன்.

"ஞாபகம் இருக்கு." கடைசிச் சொட்டு வடியும்வரை பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். "இது அவ பங்கு. காலைல எழுந்தா கை தானா அளந்துடறது. அளந்த பெறகு நான் அத யாருக்குக் கொடுக்கறது?"

சீட்டை இறக்கிவிட்டு, பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.